தச்சனின் பட்டடை

திருக்குறளின் 'கூடா நட்பு' அதிகாரம் ஒரு பட்டடையோடு தொடங்குகிறது (குறள் 821). உள்ளத்தால் ஒன்றாமல் வெளியே மட்டும் ஒத்து நடப்பவரின் நட்பு, சமயம் வாய்த்தால் ஓங்கி அடிப்பதற்காகக் கீழே கிடக்கும் பட்டடையைப் போன்றது என்கிறார் வள்ளுவர். குறுந்தொகையின் 12ஆம் பாடலில் ஓதலாந்தையார், பாலைநிலத்துப் பாறையின் கொதிப்பைச் சொல்லக் கொல்லனின் உலைக்கல்லை உவமையாக்குகிறார். கொல்லனுக்கு அடித்தளமாக இருந்த பொருளுக்கு இலக்கியத்தில் இப்படி உறுதியான இடம் உண்டு.

தச்சனின் நிலை வேறு. அவனுடைய கருவிகளுக்கெல்லாம் தமிழில் பெயர் இருக்கிறது. உளி, வாய்ச்சி, கொட்டாப்புளி, ஈர்வாள், மட்டம். மரத்தை மெல்லிய சுருளாகச் சீவி எடுக்கும் கருவியைக்கூட உளியின் ஒரு வகையாகவே கண்டு, இழைப்பு உளி என்று பொருள்பட 'இழைப்புளி' என்றார்கள். ஆங்கிலேயர் வழியாகத் திருகாணி வந்து சேர்ந்தபோதும் மொழி தடுமாறவில்லை. அதைத் திருப்பும் கருவி 'திருப்புளி' ஆயிற்று. ஆனால், மரத்தைக் கிடத்தி இழைக்கும் அந்தக் கனத்த மேடைக்குத் தேனியிலோ கம்பத்திலோ ஒரு தச்சரிடம் பெயர் கேட்டால், 'பெஞ்சு' என்பார். அதில் மரத்தைக் கவ்விப் பிடிக்கும் பகுதி 'வைஸ்'. பட்டடையோடு உறவுள்ள 'பட்டறை' என்ற சொல்லோ வேலை நடக்கும் இடம் முழுவதற்கும் ஆகிவிட்டது. கவிதைப் பட்டறை, சிறுகதைப் பட்டறை என்று நம்மவர்களும் அதை எடுத்துக்கொண்டோம். தச்சரின் மேடைக்கு மட்டும் அது நிலைக்கவில்லை.

இத்தனை நுட்பமான கருவிப் பெயர்களை உடைய ஒரு தொழிலில் இந்த ஓரிடம் ஏன் காலியாக இருக்கிறது? அந்தப் பொருள் நம்மிடம் இல்லை என்பதே நேரான விடை. அது ஏன் இல்லை என்பதற்குத்தான் தவறான விடைகள் பல சொல்லப்பட்டிருக்கின்றன.

நம் ஊர்த் தச்சர் தரையில் அமர்ந்து வேலை செய்தவர். சிறு மரமானால் பாதங்களுக்கிடையே வைத்து அழுத்திக்கொள்வார். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வார். பலகையானால் தரையில் முளை அடித்து, அதன்மீது முட்டவைத்து இழைப்பார். வாய்ச்சியின் அலகு கைப்பிடிக்குக் குறுக்காகத் திரும்பியிருக்கும். வெட்டு வெட்டுபவரை நோக்கியே வரும். மரத்தைப் பிடித்திருக்கும் விரலுக்கும் அலகுக்கும் இடையே சில அங்குலமே இடைவெளி. உத்தமபாளையத்துப் பக்கம் நான் சிறுவனாகப் பார்த்த முதிய ஆசாரிகளின் பாதங்களில் பழைய வெட்டுத் தழும்புகள் இருந்தன. கால்விரல்கள் கைவிரல்களைப் போல விரிந்து அகன்றிருந்தன. அவர்களிடம் மேடை என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்று, அடிக்கட்டை. பெரும்பாலும் புளியமரத்தின் அடித்துண்டு. கறிக்கடைக்காரர் புளியைத் தேர்ந்த அதே காரணத்துக்காகவே தச்சரும் அதைத் தேர்ந்தார்: எத்தனை வெட்டு விழுந்தாலும் எளிதில் பிளந்து சிதறாது.

இந்தக் காட்சியைக் கண்ட ஐரோப்பியர் பலர் அதை வியப்போடும் சற்று இளக்காரத்தோடும் எழுதிவைத்தார்கள். கால்விரல்களால் மரத்தைப் பிடிக்கும் கைவினைஞன் அவர்களுக்கு ஒரு வேடிக்கை. நிற்பது உழைப்பு, அமர்வது சோம்பல் என்ற எண்ணமும் அதற்குள் இருந்தது. நம்மில் சிலர் இதற்கு எதிர்த்திசையில் போய், தரையில் அமர்வதே நம் ஞானம், பெஞ்சு மேலைநாட்டு மோகம் என்கிறார்கள். இரண்டு தரப்பும் மரத்தைத் தொட்டுப் பார்க்காமல் பேசுபவை.

ஐரோப்பாவின் கதை என்ன? ஜெர்மனியில் உள்ள சால்புர்க் என்னும் உரோமானியக் கோட்டையின் பழங்கிணறுகளில் தச்சு மேடைகள் கிடைத்தன. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தவை. எஞ்சியுள்ள தச்சு மேடைகளில் மிகப் பழையவை என்று இவற்றைச் சொல்வார்கள். உரோமானிய மேடைகளில் தாழ்வானவை உண்டு. குதிரைமேல் இருப்பதுபோல் அதன்மேல் காலைப் பரப்பி அமர்ந்து, தன் உடல் எடையாலேயே மரத்தை அழுத்திப் பிடித்து வேலை செய்யலாம். அங்கும் தச்சர் நெடுங்காலம் அமர்ந்தார். நின்று வேலை செய்யும் உயர்ந்த, கனத்த மேடையை நூல்களில் விரிவாகப் பதிவுசெய்தவர்களில் பெரியவர், பாரிஸ் நகரத்துத் தச்சராகவே இருந்த ஆந்த்ரே ஜாக்கோப் ரூபோ. அவருடைய பெருநூல் 1769 முதல் 1775 வரை வெளிவந்தது. ஜப்பானியத் தச்சரோ உயர்ந்த மேடையை நாடவில்லை. அவருடைய ரம்பமும் இழைப்புளியும் தன்னை நோக்கி இழுக்கும்போது வெட்டுபவை. தாழ்ந்த கட்டை ஒன்று அவருக்குப் போதும். அந்த மரவேலையைத் தாழ்ந்தது என்று சொல்ல உலகில் எவரும் துணியமாட்டார்.

ஆக, பெஞ்சு இருப்பதும் இல்லாததும் அறிவின் அளவுகோல் அல்ல. என்ன பொருள் செய்யப்பட்டது என்பதைப் பார்க்கவேண்டும்.

கம்பம் பள்ளத்தாக்கில் தச்சர் செய்த பொருள்களை எண்ணிப் பார்க்கலாம். கலப்பை, மேழி, நுகத்தடி, ஏற்றம், செக்கு, உலக்கை, நிலை, கதவு, வண்டி, தேர். இவற்றில் ஒரு பகுதி, செக்கையும் தேரையும் போல, தம் கனத்தாலேயே அசையாமல் நிற்பவை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயிலின் சித்திரைத் தேரை எந்த மேடைமேல் ஏற்றி இழைப்பது? அதுவே அதற்கு மேடை. கலப்பையையும் மேழியையும் போன்ற மறுபகுதி, வாய்ச்சியால் உருவம் பெறுபவை. கோணலும் வளைவும் உடையவை. கருவேல மரத்தின் இயற்கையான வளைவைத் தேடி எடுத்துக் கலப்பை செய்பவருக்குத் தட்டையான மேடையால் பயனில்லை. வளைந்த பொருளை வசமாகத் திருப்பித் திருப்பிப் பிடிக்கக் கால்களைவிடச் சிறந்த கருவி இன்றும் இல்லை.

வண்டிச் சக்கரத்தைப் பற்றிச் சற்று நின்று சொல்லவேண்டும். புறநானூற்றின் 87ஆம் பாடலில் ஔவையார் அதியமானைப் பற்றிப் பேசும்போது, நாளொன்றுக்கு எட்டுத் தேர் செய்ய வல்ல தச்சன் ஒரு மாதம் முயன்று செய்த ஒற்றைச் சக்கரத்தை உவமையாக வைக்கிறார். இதை வகுப்பில் நடத்தியபோது, "ஒரு சக்கரத்துக்கு எதற்கு ஐயா ஒரு மாதம்?" என்று ஒரு மாணவி கேட்டாள். உரையாசிரியர்களிடம் இதற்கு விடை தேடுவதைவிட வண்டிப் பட்டறையில் தேடுவது நல்லது. நம் வண்டிச் சக்கரத்தில் நடுவே குடம். அதிலிருந்து பரவும் ஆரக்கால்கள். அவற்றைச் சுற்றி வட்டைகள். 12 ஆரக்கால் உடைய சக்கரத்தில் வட்டைக்கு இரண்டு ஆரக்காலாக 6 வட்டைகள் வரும். குடத்தில் 12 துளை, வட்டைகளில் 12 துளை. 24 துளையிலும் 24 கழுந்து இறுகப் பொருந்தவேண்டும். ஒன்று தளர்ந்தால் சக்கரம் முழுதும் தளரும். பிறகு கொல்லர், சக்கரத்தின் சுற்றளவைவிடச் சற்றே குறைந்த இரும்புப் பட்டையைப் பழுக்கக் காய்ச்சி விரியவைத்து மாட்டி, நீரூற்றிச் சுருங்கச் செய்வார். அந்த இறுக்கத்தில் அத்தனை மூட்டும் ஒன்றாக நெரியும். மரம் உலரக் காத்திருக்கும் காலத்தையும் சேர்த்துப் பார்த்தால், ஔவையாரின் ஒரு மாதம் மிகை அன்று. நம் கருத்துக்கு வேண்டியது வேறொன்று: இவ்வளவு துல்லியமான வேலை பெஞ்சு இல்லாமலே நடந்தது. கனத்த குடம் தரையில் தானே நின்றது. ஆரக்காலைக் கால் பிடித்தது.

அப்படியானால் பெஞ்சை எது கோரியது? நீண்ட, மெல்லிய, தட்டையான, விளிம்பு நேரான பலகைகள். அவற்றைப் பக்கம் பக்கமாக ஒட்டிச் செய்யும் பொருள்கள். மேசை, அலமாரி, ஜன்னல். இந்த மூன்று சொற்களுமே போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தவை. சாவியும் அப்படித்தான். நாற்காலியும் முக்காலியும் மட்டும் தமிழ்ப் பெயரோடு தப்பித்தன. கடல்வழி வந்த வீட்டுப்பொருள்கள் தம் பெயரோடு தம் வேலைமுறையையும் கொண்டுவந்தன. ஆறடிப் பலகையின் விளிம்பை, இன்னொரு பலகையோடு ஒட்டினால் ஒளி புகாதபடி நேராக்க வேண்டுமென்றால், அது அசையாமல், தொய்யாமல், முழு நீளத்துக்கும் தாங்கப்படவேண்டும். அது பாதங்களால் ஆகாத காரியம். தேவை வந்தது, பொருள் வந்தது, பெயர் மட்டும் அதற்குப் பின் வந்த ஆங்கிலத்திலிருந்து வந்தது.

போர்த்துகீசியர் என்றவுடன் கடற்கரைதான் நினைவுக்கு வரும். கம்பம் பள்ளத்தாக்குக்கும் அவர்களுக்கும் ஒரு தொடர்பு உண்டு, பெரியாறு அணை வழியாக. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தாகி, 1887இல் வேலை தொடங்கி, 1895 அக்டோபரில் அணை திறக்கப்பட்டது. ஜான் பென்னிகுயிக்கின் பெயரை இந்தப் பள்ளத்தாக்கில் குழந்தையும் அறியும். அவருக்குக் கீழே பணிபுரிந்த கைகளைப் பற்றிய பேச்சுதான் குறைவு. சென்னை பயனியர் படையின் 1ஆம், 4ஆம் பட்டாளங்களோடு, கொச்சியிலிருந்து போர்த்துகீசியத் தச்சர்களும் அங்கே வேலை செய்தார்கள். ஆற்றைத் தற்காலிகமாகத் தடுத்துநிறுத்தும் தடுப்பணைகளையும் பிற மரக்கட்டுமானங்களையும் அமைப்பது அவர்கள் பணி. கொச்சி கப்பல் கட்டிய ஊர். தண்ணீரை எதிர்த்து நிற்கும் மரத்தைப் பொருத்தும் அறிவு வேண்டியிருந்ததால் அங்கே ஆள் தேடியிருக்கவேண்டும். காட்டாற்று வெள்ளம் அந்தத் தடுப்புகளைத் திரும்பத் திரும்ப அடித்துச் சென்றது; திரும்பத் திரும்பக் கட்டினார்கள். சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தால் எழுந்த அணையைத்தான் நாம் காண்கிறோம். அது எழுவதற்கு இடம்கொடுத்த மரவேலை எஞ்சவில்லை. சாரம் பிரிக்கப்பட்ட பின் சாரம் கட்டியவரை யார் நினைக்கிறார்கள்?

அணை நீர் சுரங்கவழி இறங்கி, வைரவனாற்றில் விழுந்து, சுருளியாற்றில் கலந்து வைகையை அடைந்தது. கூடலூர் முதல் பள்ளத்தாக்கின் வயல்கள் இருபோகம் கண்டன. அதன்பின் இங்கே கட்டப்பட்ட வீடுகளில் மேசையும் அலமாரியும் கண்ணாடி ஜன்னலும் புகுந்தன. பொதுப்பணித் துறையின் பங்களாக்களும் மலைமேல் தோட்டக்காரர்களின் வீடுகளும் இவற்றுக்கு முன்மாதிரி ஆகியிருக்கும் என்பது என் ஊகம். பெஞ்சு இந்தப் பள்ளத்தாக்கில் காலூன்றிய காலம் இதுவாகத்தான் இருக்கவேண்டும்.

இதில் எனக்கு முக்கியமாகப் படும் செய்தி இன்னொன்று. காலால் மரம் பிடிக்கும் திறன் வளர்ந்த பின் கற்கத்தக்கது அன்று. இடுப்பும் முழங்காலும் பாதவிரலும் இளமையிலேயே அதற்கென்று பழகவேண்டும். ஐந்து வயதில் தந்தையின் அடிக்கட்டை அருகே அமர்ந்த பிள்ளைக்கே அது வரும். அதாவது, தரைத் தச்சு பிறப்போடு கட்டுண்ட தச்சு. புறநானூற்றின் 206ஆம் பாடலிலேயே மரம் வெட்டும் தச்சனின் கைவல்ல பிள்ளைகள் வருகிறார்கள். தொழில் பிள்ளைக்கு இறங்குவது அவ்வளவு பழைய செய்தி. பெஞ்சோ அந்தத் திறனில் ஒரு பகுதியை உடம்பிலிருந்து எடுத்து ஒரு பொருளுக்குள் வைத்துவிட்டது. வைஸ் யார் பிடித்தாலும் பிடிக்கும். பதினெட்டு வயதில் முதன்முதலாக உளி எடுப்பவரும் அதன்முன் நிற்கலாம்.

அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியும், மிஷன்கள் நடத்திய தொழிற்பள்ளிகளும், 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின் வழி வந்த தொழிற்பயிற்சி நிலையங்களும் பெஞ்சுகளை வரிசையாகப் போட்டுத்தான் மரவேலை கற்பித்தன. கம்மாளர் அல்லாதவரும் தச்சர் ஆக முடிந்தது அந்த வரிசையில்தான். 1953இல் ராஜாஜியின் கல்வித்திட்டம் குலக்கல்வி என்று எதிர்க்கப்பட்டு 1954இல் கைவிடப்பட்டது. அந்த விவாதத்தில் 'தொழில் யாருடையது' என்ற கேள்வி அனல் பறந்தது. அந்தக் கேள்விக்குத் தொழிற்பயிற்சி நிலையத்து மேடைகள் சத்தமில்லாமல் ஒரு விடை சொல்லிக்கொண்டிருந்தன.

இழப்பும் இல்லாமல் இல்லை. ஐந்தொழில் கொல்லரான கம்மாளர் தம் தகுதிக்காக நெடுங்காலம் போராடியவர்கள். கொங்கு நாட்டுக் கல்வெட்டுகளில் கோனேரின்மைகொண்டான் ஆணையாக அவர்களுக்குச் சில உரிமைகள் வழங்கப்பட்டன: நன்மை தீமைகளில் இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வீட்டுக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம், புறப்படும்போது காலில் செருப்பு அணியலாம். கோயிலும் தேரும் செய்தவர்கள் செருப்பு அணிய அரசாணை வேண்டியிருந்தது. எந்தக் கால் அவர்களுக்குக் கருவியாக இருந்ததோ, அந்தக் காலுக்கு! நாற்காலி செய்தவர் அதே வீட்டில் அந்த நாற்காலியில் அமர்ந்திருப்பாரா என்பதையும் நாம் கேட்டுக்கொள்ளலாம். தொழில் பொதுவானபோது, அவர்கள் தலைமுறைகளாய்க் காத்த தனியுரிமையும் கரைந்தது. அதற்கு ஈடாக எதுவும் அவர்களுக்குக் கிடைத்ததாகத் தெரியவில்லை. மாட்டுவண்டி இன்று கம்பம் பக்கத்துப் பந்தயங்களில் ஓடுகிறது. பாரம் சுமப்பவை டிராக்டரும் லாரியும். இழைப்பும் அறுப்பும் மின்கருவிகளுக்குப் போய்விட்டன. ஒட்டுப்பலகை வந்தபின் பெஞ்சுக்கே வேலை குறைந்தது.

விந்தை என்னவென்றால், உலகெங்கும் கைக்கருவி மரவேலையைப் பொழுதுபோக்காகக் கொண்டவர்கள் இப்போது பெஞ்சைத் தேடிப் போகிறார்கள். அமெரிக்கரான கிறிஸ்டோபர் ஷ்வார்ஸ் 2007இல் தச்சு மேடைகளுக்கென்றே ஒரு நூல் எழுதி, ரூபோவின் கனத்த மேடையை மீண்டும் பேசவைத்தார். அவரே 2018இல் எழுதிய இன்னொரு நூல் உரோமானியரின் தாழ்ந்த மேடைகளைப் பற்றியது. சுற்றி வந்து அமர்ந்து வேலை செய்வதன் வசதியைக் கண்டுகொண்டார்கள். நம் ஆசாரிகளிடம் கேட்டிருந்தால் முன்னமே சொல்லியிருப்பார்கள்.

நம் பள்ளத்தாக்கில் ஒருவர் இன்று அப்படியொரு மேடை செய்ய விரும்பினால் தேக்குக்குப் போகவேண்டியதில்லை. செக்குக்கு ஆன வாகை இதற்கும் ஆகும். வேம்பும் புளியும் ஆகும். மேடைக்கு முதல் தேவை அழகு அன்று, கனம். இழைப்புளியைத் தள்ளும்போது மேடையும் சேர்ந்து நகர்ந்தால் உழைப்பெல்லாம் வீண். ஆறடி நீளம், இரண்டடி அகலம், மூன்று அங்குலக் கனம் என்றால் மேற்பலகை மட்டும் 3 கன அடி. உலர்ந்த வாகை கன அடிக்கு ஏறக்குறைய 18 கிலோ. எனவே 54 கிலோ. நாலங்குலச் சதுரக் கால்களும் குறுக்குச் சட்டங்களும் சேர்ந்தால் ஓர் ஆள் தள்ளி நகராது. உயரத்துக்கு அளவுகோல் உடம்புதான்: நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் விரல்முட்டி படும் உயரம். கால்களை மேற்பலகையோடு துளையும் கழுந்துமாகப் பொருத்தி மர ஆணி அறைவது நல்லது. இரும்பாணி உளியின் வாயைக் கெடுக்கும். பச்சை மரத்தை வாங்கினால் அங்குலத்துக்கு ஓராண்டு என்று காயவிடுவது பழைய கணக்கு. நம் பக்கத்து ஆடிக்காற்று மரத்தின் முனைகளை முந்தி உலர்த்தி வெடிக்கச் செய்யும். முனைகளில் சாணம் மெழுகுவது அதற்காகத்தான்.

வைஸ் வாங்கவும் அவசரமில்லை. ரூபோவின் மேடையில் உள்ளதுபோல மேற்பலகையில் முக்கால் அங்குலத் துளைகள் சில போட்டு, அதைவிடச் சற்றே மெல்லிய இரும்புக் கம்பியைக் கொல்லரிடம் கொடுத்து ஒரு முனையைக் கொக்கிபோல் வளைத்து, நுனியைத் தட்டையாக அடித்து வாங்கிக்கொள்ளலாம். துளையில் இறக்கி, தலையில் சுத்தியலால் ஒரு தட்டு. கம்பி துளைக்குள் சாய்ந்து இறுகி, கீழே உள்ள மரத்தை அழுத்திக்கொள்ளும். கழற்ற, பின்பக்கமிருந்து ஒரு தட்டு.